ஆயிரம் வாட்டும் அப்பாவின் காதும்

“சத்தம் கேக்குது தம்பி. பேசறதுதான் புரியல.”

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் டி.வி. முன்னால் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். கேட்பவர்கள் அதில் பாதியைத்தான் காதில் வாங்குவார்கள். சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று ரிமோட்டை எடுத்து நாலு புள்ளி ஏற்றுவார்கள். திருச்சி கே.கே. நகரில் இரண்டாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

பெரியவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தகட்டைத் தட்டும் சத்தத்திலேயே பாதி ஆயுசு போனது. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டால் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்த காலம் அது. இப்போது ஏழு மணிச் செய்திக்கு உட்கார்ந்தால் டி.வி. சத்தம் 40-ஐத் தாண்டும். பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். பெரியவருக்கு அது புரியும். நாலைந்து நாள் டி.வி. பக்கமே வராமல் பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். அதுதான் மகனுக்குத் தாங்கவில்லை.

“அப்பா, ஒரு லட்சம் ரூபா ஒதுக்கிட்டேன். நல்ல ஹோம் தியேட்டர் வாங்கிடலாம். தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கும்” என்றான். அதில் அவனுடைய ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தது. கல்லூரி நாளிலிருந்து அவனுக்குப் பெரிய சப்-வூஃபர் மேல் ஒரு கண்.

கடைக்குப் போகும் முன் காது டாக்டரிடம் போனது நல்லதாயிற்று. பரிசோதனைத் தாளில் கோடு ஒழுங்காகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குழிக்குள் இறங்கியிருந்தது. இரைச்சலில் பல வருடம் வேலை பார்த்தவர்களின் காதில் முதலில் விழும் பள்ளம் அது. வயதானாலும் போவது முதலில் மேல் ஸ்தாயிதான். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த ஸ்தாயியில் இருப்பதால் அவை நன்றாகவே கேட்கும். ச, த, க போன்ற மெய்கள் தெளிவதற்கு வேண்டிய மெல்லிய ஓசைகள் மேலே இருக்கின்றன. அவை போய்விட்டால் காசு, காது, காடு மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். ‘சத்தம் கேக்குது, பேசறது புரியல’ என்று அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

டாக்டர் காது கேட்கும் கருவி எழுதிக் கொடுத்தார். பெரியவர் போட்டுக்கொண்டார். நேருக்கு நேர் பேசினால் நன்றாகப் புரிந்தது. ஹாலில் டி.வி. பார்க்கும்போது மட்டும் திணறல் இருந்தது. அதற்குக் காரணம் காதில் இல்லை, ஹாலில்.

நம் ஊர் ஹால்களை ஒரு முறை கை தட்டிப் பார்க்க வேண்டும். கீழே வழுவழுப்பான டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் பூசிய சுவர், ஜன்னலில் கண்ணாடி. தட்டிய சத்தம் ‘டிர்ர்’ என்று இழுத்துக்கொண்டு போகும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்காரும். கருவி பேச்சைப் பெரிதாக்கும்போது இந்த எதிரொலியையும் சேர்த்தே பெரிதாக்கும். போதாக்குறைக்கு, இப்போதைய ஒல்லி டி.வி.க்களில் ஸ்பீக்கர் முன்னால் பார்த்து இருப்பதில்லை. அடியிலோ முதுகிலோ இருக்கும். செய்தி வாசிப்பவர் சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரிதான்.

ஷோரூமில் நடந்ததை அந்த வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குளிரூட்டிய இருட்டறை, சுவரெல்லாம் துணி ஒட்டியிருந்தது. விற்பனைப் பையன் ஒரு சண்டைப் படத்தைப் போட்டான். கார் உருண்டது, கட்டடம் சரிந்தது, சோபா அதிர்ந்தது. மகன் முகத்தில் பரவசம்.

“எப்படி இருக்குங்க ஐயா? ஆயிரம் வாட்டு!”

“மறுபடியும் ஷாப்புக்குள்ள போன மாதிரி இருக்கு தம்பி” என்றார் பெரியவர்.

பையன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அந்த ஆயிரம் வாட் கதை நம் ஊரில் பழையது. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் பெட்டி மேல் ‘1,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று பளபளப்பாக ஒட்டியிருப்பார்கள். பின்னால் திருப்பினால், அது சுவர் பிளக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரமே 50, 60 வாட்தான் என்று எழுதியிருக்கும். இன்று ஸ்டிக்கர் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை. ஐந்து, ஏழு சேனல் உள்ள ரிசீவரில் ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, பத்து சதவீதம் ஓசை சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்த எண்ணைத்தான் பெட்டி மேல் பெரிதாகப் போடுகிறார்கள். நம்பத்தக்க எண் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனலும் ஓடும்போது, சிதைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே என்று போட்டிருக்கும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். இரண்டு ரிசீவர்களை ஒப்பிட அந்த வரி ஒன்றுதான் பொது அளவுகோல்.

சொல்லப்போனால் வீட்டுக்கு அவ்வளவு வாட்டே வேண்டாம். ஸ்பீக்கரின் விவரத் தாளில் ‘சென்சிடிவிட்டி 87 டெசிபல்’ என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பது அது. சாதாரணமாக நாம் பேசிக்கொள்வது 60 டெசிபல் பக்கம். ஆக, ஹாலில் செய்தி கேட்க ஒரு வாட்டுக்கும் குறைவே செலவாகிறது. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம் ஏற்றின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 87 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தால் ஆம்ப்ளிஃபையரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்பீக்கருக்குக் கொடுப்பதில் இந்த லாபமும் உண்டு.

மகன் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தான். “அந்தப் படத்தை நிறுத்துங்க. தமிழ் நியூஸ் போடுங்க” என்றான். பையனுக்கு ஏமாற்றம். ஆயிரம் வாட்டில் செய்தி கேட்க யாரும் அங்கே வருவதில்லை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போட்டதில் இரண்டில் பேச்சு மூக்கடைத்த மாதிரி இருந்தது. மூன்றாவதில் வாசித்த ஊர்ப் பெயர்களை ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். அது அங்கிருந்தவற்றிலேயே சின்னது. புத்தக அலமாரியில் வைக்கிற அளவு, ஐந்தரை அங்குல வூஃபர். விலையிலும் நடுத்தரம்.

இப்படி ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எது கொஞ்சம் சத்தமாக ஓடுகிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். விற்பவர்களுக்கு இது தெரியும். எல்லா ஜோடியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து, அதாவது சென்டரிலிருந்து வருகிறது. 5.1 என்று சொல்லும்போது இடம், வலம், நடு, பின்னால் இரண்டு என ஐந்து. அந்த ‘புள்ளி ஒன்று’ சப்-வூஃபர். வசனம்தான் பிரச்னை என்றால் சென்டரில்தான் பணத்தைப் போட வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் சென்டர் பெரும்பாலும் படுத்த வாக்கில் இருக்கும். நடுவில் ட்வீட்டர், இரு பக்கமும் வூஃபர். நேர் எதிரில் உட்கார்ந்தால் குறை இல்லை. பக்கவாட்டில் போனால் இரண்டு வூஃபரிலிருந்தும் வரும் ஓசை வெவ்வேறு நேரத்தில் காதை எட்டி, ஒன்றை ஒன்று தின்றுவிடும். குரல் மெலிந்துபோகும்.

பெரியவரின் ஈஸி சேர் ஜன்னலோரம், நன்றாகப் பக்கவாட்டில்.

“சேரை இந்தப் பக்கம் போட்டுக்கலாம்ப்பா.”

“அங்கதான்டா காத்து வருது.”

காற்றோடு சண்டை போட முடியாது. நடுவிலும் அதே சின்ன ஸ்பீக்கரை நிமிர்த்தி வைப்பது என்று முடிவானது. மூன்றும் ஒரே ரகமாக இருந்தால், ஒரு குரல் திரையில் இடமிருந்து வலம் நகரும்போது அதன் நிறம் மாறாது என்பது கூடுதல் வசதி. ஆனால் கடைக்காரர் ஒற்றையாகத் தர மாட்டேன் என்றார். இரண்டு ஜோடி வாங்க வேண்டியதாயிற்று. நான்காவது ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போனது. நடு ஸ்பீக்கருக்கு இடம் விட டி.வி.யை ஒரு சாண் மேலே ஏற்றி மாட்டினார்கள். சேரும் நாலடி முன்னால் வந்தது. ஜன்னலோரத்தை விடாமலேயே அது சாத்தியமானது. கிட்டே வரவர நேராக வரும் குரல் ஓங்கும், சுவரில் பட்டுத் திரும்பும் குரல் பின்தங்கும். காசில்லாத மருத்துவம் அது.

ரிசீவர் விஷயத்தில் இன்னொரு சலனம் வந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர், “மச்சான், இங்க விலை கம்மி. வர்றப்ப கொண்டு வந்துடறேன்” என்றார். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230. நடுவில் ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், பழுதானால் இங்கே வாரன்டி கிடைப்பதும் பெரும்பாடு. எட்டு, ஒன்பது கிலோ பெட்டியை விமானத்தில் சுமந்து வந்து வாசலில் நின்று முழிப்பதைவிட, வரும்போது பேத்திக்குச் சாக்லேட் வாங்கி வருவது உத்தமம்.

இங்கேயே வாங்கிய ரிசீவரில் அவர்கள் பார்த்தவை மூன்றே. ஒன்று, டி.வி.யோடு ஒரே எச்.டி.எம்.ஐ. வயரில் சேரும் இ-ஆர்க் வசதி. டி.வி. ரிமோட்டிலேயே ரிசீவரின் சத்தமும் ஏறி இறங்கும். பெரியவர் இன்னொரு ரிமோட்டைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு, நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்டும் வசதி. மூன்று, அறைக்கேற்ப ஓசையைச் சீர்செய்யும் மைக். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி என்ற பெயரிலும், யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்ற பெயரிலும் இது வருகிறது. உட்காரும் இடத்தில் காது உயரத்தில் மைக்கை வைத்தால், ரிசீவர் ‘ஊய்ய்’ என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கூவவிட்டு, தூரத்தையும் சத்தத்தையும் அளந்துகொள்ளும். அந்த ஐந்து நிமிடம் மின்விசிறியை அணைத்து, குக்கர் விசிலையும் நிறுத்தி வைக்க வேண்டும். அட்மாஸ், ஒன்பது சேனல், கூரையில் ஸ்பீக்கர் எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஹாலுக்கு அவை நகைக்கடை விளம்பரம் மாதிரி, பார்த்து ரசித்துவிட்டு நகர வேண்டியவை.

இரண்டு ஜோடிக்கும் ரிசீவருக்குமாக 92,000 ரூபாய் ஆனது. மிச்சம் இருந்த எட்டாயிரத்தில் மருமகள் கனமான திரைச்சீலை வாங்கினார். பரணிலிருந்து பவானி ஜமக்காளத்தை இறக்கி டைல்ஸ் மேல் விரித்தார். எதிர்ச் சுவரில் பேத்தியின் புத்தக அலமாரி வந்து நின்றது. கை தட்டினால் ‘டிர்ர்’ பாதியாகக் குறைந்திருந்தது. மொத்தச் செலவில் அதிகம் பலன் தந்தது இந்த எட்டாயிரம்தான் என்று அடித்துச் சொல்லலாம்.

ஆனால் முதல் நாள் ஓசை விசித்திரமாக இருந்தது. பாட்டு போட்டால் பாடகர் நடுவில் நிற்காமல் ஹால் முழுக்கக் கரைந்து கிடந்தார். அடித்தொனியே இல்லை. மாட்டிவிட்டுப் போன ஆளுக்கு போன் செய்தால், “ஓட ஓடச் சரியாயிடும் சார்” என்றார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர்களின் முதுகை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது ஸ்பீக்கரில் சிவப்பு வயர் கறுப்பிலும், கறுப்பு வயர் சிவப்பிலும் இருந்தன. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுத்தால் அடித்தொனி அங்கேயே செத்துவிடும். மாற்றி முடுக்கினார். பாடகர் நடுவில் வந்து நின்றார். ஃபிட்டர் கை சும்மாவா என்று மருமகள் சொன்னதில் அவருக்கு அன்றைக்கு ஒரு சுற்று ரத்தம் ஊறியிருக்கும்.

சப்-வூஃபர் கொஞ்ச நாள் தள்ளிப் போனது. மகனுடைய போனஸில் பத்து அங்குலத்தில் ஒன்று வந்து ஹால் மூலையில் உட்கார்ந்தது. அன்றிரவே கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்தார்.

“தம்பி, மேல மாவு மில்லு எதுவும் ஓடுதா?”

அவர் மகன் பிளஸ் டூ. மூலையில் வைத்தால் அறையின் அதிர்வெல்லாம் ஒன்றுகூடிக் கொட்டும். 12 அடி அகல ஹால் 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே ரீங்கரிக்கும். பேஸ் கிதாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த வட்டாரத்தில் எந்த ஸ்வரம் வந்தாலும் ‘ஊம்ம்’ என்று வீங்கி, தளத்தின் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். நம் நாட்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல், பகலில் 55. அந்த விதியை எடுத்துக் காட்டும் அளவுக்குப் போகாமல் மாவு மில்லோடு நிறுத்திக்கொண்டது அந்த அம்மாவின் பெருந்தன்மை.

பெரியவருக்கு வேறு குறை. “டேய், மறுபடியும் பேசறது புரியல.” தாழ்ந்த ஓசை மிகும்போது அது மேலே இருக்கும் ஓசைகளை மூடிவிடும், காது அப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது. மகன் தன் ஆசைக்கு வாங்கியது அப்பாவின் மெய்யெழுத்துகளை மறுபடியும் தின்றுகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்தார்கள். முறை வேடிக்கையானது, ஆனால் பலிக்கும். சப்-வூஃபரை உட்காரும் சோபா மேல் தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில், வீங்காமல் கேட்கிறதோ அங்கே அதை இறக்கி வைக்க வேண்டும்.

“கொழந்தையா இருக்கறப்பகூட நீ இவ்வளவு தவழலடா” என்றார் பெரியவர். பேத்தி வீடியோ எடுத்தாள்.

இடம் டி.வி. ஸ்டாண்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கிடைத்தது. அடியில் தடித்த ஃபோம் வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதற்குப் போகும்படி ரிசீவரில் பிரித்தார்கள். ஆண் குரலின் அடிப்படை சுமார் 85 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்பதால் பேச்சு முழுவதும் சின்ன ஸ்பீக்கரிடமே நின்றது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தபோது மகன் முகம் சுருங்கியது. மறுநாள் ஓர் இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் தனியாக நடந்து போவதைக் கேட்டபோது சரியாகிவிட்டான். இடி மாதிரி கேட்டுக்கொண்டிருந்ததற்கு இப்போது சுரம் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு அதன் ஸ்விட்சை அணைப்பது பேத்தியின் பொறுப்பு. கீழ்வீட்டு அம்மா பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்பினார்.

ஏழு மணிச் செய்தி இப்போது பாதிச் சத்தத்தில் ஓடுகிறது. நடு ஸ்பீக்கருக்கு மட்டும் 3 டெசிபல் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

பரணில் கிடந்த நான்காவது ஸ்பீக்கரைப் பற்றி மருமகள்தான் பேச்சை எடுத்தார். “இத்தனை நாளா ஹால்ல யாருக்கு எப்படிக் கேக்குதுன்னு பாத்தீங்களே, நான் எல்லாத்தையும் அடுப்படிச் சுவருக்குப் பின்னாலருந்துதான் கேட்டுக்கிட்டிருக்கேன் மாமா.” பெரியவர் அன்றே பரணில் ஏறப் பார்த்தார், பேத்தி தடுத்து, தானே ஏறி இறக்கினாள். மகன் சென்னை ரிச்சி தெருவிலிருந்து உள்ளங்கை அளவில் ஓர் ஆம்ப்ளிஃபையர் வரவழைத்தான். எண்ணெய்ப் பிசுக்குப் படாத உயரத்தில், அரிசி டப்பாக்களுக்கு மேல் அது மாட்டப்பட்டிருக்கிறது. காலையில் அதில் முதலில் என்ன ஓட வேண்டும் என்பதில் மாமனாருக்கும் மருமகளுக்கும் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. அவருக்கு நாகஸ்வரம். அவருடைய மருமகளுக்கு எஃப்.எம்.